கிரீன்விச் கப்பல் மாதிரிகளும் கடற்போர் ஓவியங்களும்: சான்றாக எந்த அளவுக்கு நம்பலாம்?

நெய்தல்வாசன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஆங்கிலப் போர்க்கப்பல்களைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் பொருட்டு, இலண்டன் கிரீன்விச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் கப்பல் மாதிரிகளையும் ஓவியங்களையும் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தேன். குறிப்புகளைக் கட்டுரையாக்கத் தொடங்கியபோதுதான், இவற்றை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்ற ஐயம் எழுந்தது.

முதலில் மாதிரிகள். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பல மாதிரிகளில் மேற்பகுதியின் பொன்முலாம் பூசிய சிற்பங்களும் பீரங்கி வாயில்களும் மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்க, நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பலகை அடைக்காமல் வங்குகளை, அதாவது விலாச் சட்டங்களை, வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். கப்பலைக் கட்டும் முன்பு, ஆங்கிலப் போர்க்கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட கடற்படை வாரியத்தின் ஒப்புதலைப் பெறுவதற்காகச் செய்யப்பட்டவை இவை என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியானால் இவற்றைக் கட்டுமான வரைபடத்துக்கு நிகராக எடுத்துக்கொள்ளலாமா?

அடுத்து ஓவியங்கள். ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த, 1805இல் பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகளோடு நடந்த டிரபால்கர் போரின் காட்சி பிழைகள் மலிந்தது என்றும், நெதர்லாந்துக் கடல் ஓவியர்களான வான் டி வெல்டே தந்தை மகன் இருவரின் படைப்புகள் மிகத் துல்லியமானவை என்றும் படித்திருக்கிறேன். ஒரே கப்பலை மாதிரி ஒருவிதமாகவும் ஓவியம் வேறுவிதமாகவும் காட்டினால் எதை ஏற்பது? இத்துறையில் பயிற்சி உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மரக்கலத்தச்சன் (மறுமொழி):

மாதிரிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓவியங்களைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தாங்கள் பார்த்தவை கடற்படை வாரிய மாதிரிகள் எனப்படுபவை. ஏறக்குறைய 1650களிலிருந்து இவ்வகை மாதிரிகள் கிடைக்கின்றன. கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்ற கணக்கில், அதாவது 1:48 அளவில், பெரும்பாலானவை செய்யப்பட்டன. பேரி போன்ற பழமரங்களும் பாக்ஸ் மரமும் மிகுதியாகப் பயன்பட்டன. சிறு உருவங்களைச் செதுக்கும்போது பிளவுபடாத நெருக்கமான இழை கொண்டவை என்பதே அதற்குக் காரணம்.

வரைபடத்துக்கு நிகராகக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு, உடலின் வடிவத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் கொள்ளலாம் என்பதும், உள்ளமைப்பைப் பொறுத்தவரை கூடாது என்பதுமே என் விடை. ஏராவின், அதாவது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதன்மை மரத்தின் நீளம், கப்பலின் அகலம், அடிப்பகுதியின் வளைவு ஆகியவற்றை மாதிரியில் அளந்து 48ஆல் பெருக்கினால், எழுத்து ஆவணங்களில் உள்ள அளவுகளுக்கு மிக நெருக்கமாக வருவதுண்டு. பெயர் தெரியாத மாதிரிகளை இனங்காண ஆய்வாளர்கள் முதலில் செய்வதே இந்தக் கணக்குதான். ஆனால் தாங்கள் கண்ட அந்த அழகிய வங்கு வரிசை உண்மைக் கப்பலில் இருந்தபடி அமைந்ததன்று. உண்மைக் கப்பலில் வங்குகள் நெருக்கமாக நின்றன. சில இடங்களில் இடைவெளியே இல்லாத மரச்சுவர் போலத்தான் இருந்தன. மாதிரி செய்தவர்களோ, அடிமரத் துண்டுகளும் அவற்றுக்கு மேலேறும் வளைமரங்களும் ஒன்றையொன்று தழுவும் இடத்தில் மட்டும் ஓர் அடர்ந்த பட்டையை அமைத்து, அதற்கு மேலும் கீழும் சீரான இடைவெளிகளை விட்டார்கள். இது அக்காலத்து மாதிரிக் கைவினைஞர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட மரபு. கப்பலின் வளைவு நெளிவைப் பார்ப்பவரின் கண்ணுக்குக் காட்டுவதும், உள்ளே தளங்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதைத் தெரியவைப்பதும் இதன் பயன்களாக இருந்திருக்கலாம். ஆகவே இம்மாதிரிகளின் படத்தை அச்சிட்டு, இவ்வாறுதான் அக்காலத்தில் வங்கு நிறுத்தினார்கள் என்று அடியில் எழுதிவிட வேண்டாம். அச்சில் வந்த கட்டுரைகளிலேயே இந்தத் தவறு அடிக்கடி காணப்படுகிறது.

எல்லா மாதிரிகளும் ஒப்புதலுக்காகவே செய்யப்பட்டன என்ற கருத்தும் மிகை என்றே நினைக்கிறேன். சில அவ்வாறு பயன்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு கப்பலைக் கட்டத் தொடங்கும் முன்பே அதன் பின்புறச் சிற்பங்கள் அனைத்தையும் முடிவுசெய்து, பொன்முலாம் வரை பூசி, வாரியத்தின் மேசையில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவருவதாகத் தோன்றவில்லை. கற்பிப்பதற்கும், பரிசளிப்பதற்கும், உயர் அதிகாரிகள் தங்கள் அறையில் வைத்துக்கொள்வதற்கும் பல மாதிரிகள் செய்யப்பட்டன. கடற்படை அலுவலகத்தில் பதவி ஏற்ற சாமுவேல் பெப்பீசுக்குக் கப்பலைப் பற்றி முதலில் ஒன்றும் தெரியாது. 1662இல் கூப்பர் என்ற மாலுமியை அமர்த்தி, அவரிடம் பெருக்கல் வாய்பாட்டிலிருந்து கணக்கைத் தொடங்கியவர், கப்பலின் பாகங்களை ஒரு மாதிரியைக் கொண்டே கற்றார் என்பது அவருடைய நாட்குறிப்பால் தெரிகிறது. பின்னாளில் அவரே மாதிரிகளைச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டவரானார்.

காலம் பொருந்தாமைக்கு 'ராயல் ஜார்ஜ்' மாதிரி நல்ல எடுத்துக்காட்டு. கப்பல் நீரில் இறக்கப்பட்டது 1756இல். கிரீன்விச்சில் உள்ள பெரிய மாதிரியோ 1770களில் செய்யப்பட்டது. கடற்படைத் தலைமைப் பொறுப்பில் இருந்த சாண்ட்விச் பிரபு, மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கடற்படையின்மேல் ஆர்வத்தை ஊட்டுவதற்காக அதைச் செய்வித்தார். அதாவது, அது கப்பலுக்கு முன்னோடி அன்று, மன்னருக்கான பாடம். அந்தக் கப்பல் 1782 ஆகஸ்ட் 29 அன்று ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறையில், பழுதுபார்ப்பதற்காக ஒருபுறம் சாய்க்கப்பட்டிருந்தபோது நீர் புகுந்து மூழ்கி, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1760இல் நீரில் இறங்கிய 'பெல்லோனா'வின் மாதிரி வேறொரு வகை. அதன் அடிப்பகுதி முழுதும் செப்புத் தகடு போர்த்தப்பட்டுள்ளது. மரத்தைத் துளைக்கும் புழுவையும் பாசியையும் தடுக்கச் செப்புத் தகடு அடிக்கும் முறைக்கு மன்னரின் ஆதரவைப் பெறுவதற்காக, 1780ஐ ஒட்டி அந்த மாதிரி பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. இந்த மாதிரியை மட்டும் நம்பி, 1760இலேயே கப்பல் செப்புத் தகட்டோடு கடலில் இறங்கியது என்று ஒருவர் எழுதினால் அவர் இருபது ஆண்டுகள் பிசகிவிடுவார்.

பாய்மரம் (மறுமொழி):

மரக்கலத்தச்சன் எழுதியவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். ஓவியங்களுக்கு வருகிறேன். துல்லியமானவர், துல்லியமற்றவர் என்று ஓவியர்களை இரு கூறாகப் பிரிப்பதே தங்கள் கேள்வியில் எனக்கு நெருடலாக இருந்தது. ஓர் ஓவியத்தில் எது துல்லியம் என்று கேட்பதே பொருத்தமானது.

மூத்தவரான வில்லெம் வான் டி வெல்டே போர் நடந்த இடத்துக்கே சிறு கப்பலில் சென்று, குண்டுகளின் வீச்செல்லைக்கு அருகில் நின்று வரைந்தவர். 1653 ஆகஸ்டில் நடந்த ஸ்கெவெனிங்கன் போரை அவர் தீட்டிய ஓவியம் கிரீன்விச்சில் இருக்கிறது. வெண்ணிறத் தளத்தின்மீது மையும் பேனாவும் கொண்டு வரைந்த அதில், முன்புறத்தில் ஒரு சிறு கப்பலில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருப்பவர் அவரேதான். நானே கண்டேன் என்று ஓவியத்துக்குள்ளேயே அவர் இட்ட கையொப்பமாக அதை நான் கொள்கிறேன். நெதர்லாந்துக் கடற்படைக்காக இவ்வாறு உழைத்தவர், நாட்டில் போரும் நெருக்கடியும் முற்றிய 1672ஆம் ஆண்டின் குளிர்காலத்தை ஒட்டி, மகனோடு எதிரி நாடான இங்கிலாந்துக்கே குடிபெயர்ந்தார். இரண்டாம் சார்லஸ் மன்னர் கிரீன்விச்சில் உள்ள அரசியார் மாளிகையில் அவர்களுக்குப் பணியறை ஒதுக்கினார். 1674ஆம் ஆண்டின் அரசாணைப்படி, கடற்போர்களை வரைகோட்டுப் படங்களாக எழுதுவதற்குத் தந்தைக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டும், அவற்றுக்கு வண்ணம் கொடுப்பதற்கு மகனுக்கு நூறு பவுண்டும் வழங்கப்பட்டன. தங்கள் ஐயத்துக்கு விடை இந்த வேலைப் பிரிவினையிலேயே இருக்கிறது. கப்பலைப் பற்றிய சான்று தந்தையின் வரைகோட்டுப் படத்தில் இருக்கிறது. மகனின் எண்ணெய் வண்ண ஓவியம், அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு, வானத்தையும் அலையையும் ஒளியையும் சேர்த்து, படம் கேட்ட புரவலருக்கு உகந்த காட்சியாக ஒழுங்குபடுத்தியது. அலையின் உயரமும் மேகத்தின் திரட்சியும் அன்றைய வானிலை அறிக்கை அல்ல.

கிரீன்விச்சிலேயே அவர்களுடைய வரைகோட்டுப் படங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. கப்பலின் பின்புறச் சிற்பங்களை நேருக்கு நேராக நின்று வரைந்த பென்சில் படங்கள் அவற்றில் மிகுதி. ஒரு கப்பலைத் திரும்பத் திரும்ப வரையாமல், வரைந்த படத்தை அடுத்த தாளில் அழுத்திப் படியெடுக்கும் முறையையும் அவர்கள் கையாண்டார்கள். ஆகவே ஒரே கப்பல் வெவ்வேறு ஓவியங்களில் ஒரே கோணத்தில் வந்தால் வியக்க வேண்டியதில்லை. அவை தனித்தனிச் சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சியின் பிரதிகள் என்று கொள்ள வேண்டும். மாதிரிகளை ஆய்பவர்கள் அளவுகளைச் சரிபார்த்த பின், பின்புறச் சிற்பங்களை இந்தப் படங்களோடு ஒப்பிட்டே பெயர் தெரியாத மாதிரிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கிறார்கள். மாதிரியும் ஓவியமும் முரண்படும்போது எதை ஏற்பது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

டர்னருக்கு வருவோம். நான்காம் ஜார்ஜ் மன்னரின் ஆணைப்படி 1822 முதல் 1824 வரை அவர் தீட்டிய அந்த ஓவியம், அவருடைய படைப்புகளிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமும் மூன்றரை மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. அவர் கவனக்குறைவாக வரைந்தார் என்று சொல்ல முடியாது. கடற்படைத் துறையிடமிருந்து, ஆங்கிலத் தளபதி நெல்சனின் தலைமைக் கப்பலான 'விக்டரி'யின் வரைபடத்தைக் கேட்டுப் பெற்றார். மன்னரின் கடல் ஓவியரான ஷெட்கியிடமிருந்தும் அக்கப்பலின் படங்களைப் பெற்றார். அவ்வளவும் செய்த பிறகு, 1805 அக்டோபர் 21ஆம் நாளின் வெவ்வேறு மணித்துளிகளை ஒரே கணமாக்கினார். நண்பகலுக்குச் சற்று முன் பறந்த நெல்சன் கொடிகளால் விடுத்த புகழ்பெற்ற செய்தியின் கடைசிச் சொல் பாய்மரத்தில் இருக்கிறது. பிற்பகல் ஒரு மணி அளவில் முறிந்த பின்பாய்மரத்தின் மேற்பகுதி விழுந்துகொண்டிருக்கிறது. மாலையில் தீப்பற்றிய பிரெஞ்சுக் கப்பல் 'அஷீல்' தொலைவில் எரிகிறது. மறுநாள் மூழ்கிய 'ரெடூட்டபிள்' முன்புறத்தில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. போரில் பங்கேற்ற கடற்படையினர் சீறியதில் வியப்பில்லை. 'விக்டரி'யின் தலைவராக இருந்த ஹார்டி, அது போர்க்களம் போல இல்லை, தெருக்காட்சி போல இருக்கிறது, கப்பலோ வீடுகளின் வரிசை போல இருக்கிறது என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. ஓவியம் அரண்மனையில் நெடுநாள் தங்கவில்லை. 1829இலேயே மன்னர் அதைக் கிரீன்விச் மருத்துவமனையின் கடற்படை ஓவியக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

என் கருத்தில் டர்னர் செய்தது பிழை அன்று. முன்புறத்தில் நீரில் தத்தளிக்கும் மனிதர்களைப் பாருங்கள். வெற்றிக் கப்பலைப் பார்க்க வந்த கண் முதலில் அவர்கள்மேல்தான் விழுகிறது. அதைத்தான் அதிகாரிகளால் பொறுக்க முடியவில்லை என்று நான் ஐயுறுகிறேன். எனினும், போரின் நிகழ்ச்சி வரிசைக்கு இந்த ஓவியத்தை மேற்கோள் காட்டக் கூடாது. அதற்கு நிக்கோலஸ் போக்காக்கிடம் செல்லுங்கள். வணிகக் கப்பலின் தலைவராக இருந்து பின்னர் ஓவியரானவர் அவர். 1794 ஜூன் முதல் நாள் பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த போரின்போது 'பெகாசஸ்' என்னும் கப்பலில் இருந்து, கப்பல்களின் நிலையைக் குறிப்பேட்டில் வரைந்தார். அதே போரை 1795இல் மாபெரும் திரையில் தீட்டிய லூதர்பூர் போரைக் கண்டவர் அல்லர். அவர் எதிரிக் கப்பலோடு ஆங்கிலத் தலைமைக் கப்பலான 'குயின் ஷார்லட்' நிற்கும் நிலையைத் தவறாகக் காட்டியதாக அதன் அதிகாரிகளே குறை கூறினர். ஓவியமாகப் பார்த்தால் லூதர்பூர் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார். போக்காக் சற்றே வறண்டவர். தங்கள் கட்டுரைக்கு வேண்டியவர் அந்த வறண்டவரே.

நெய்தல்வாசன்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன். 'விக்டரி' 1765இல் நீரில் இறக்கப்பட்ட கப்பல். அந்த ஆண்டின் வடிவத்தைக் காட்டும் மாதிரியில் பின்புறம் திறந்த மாடங்களோடு இருக்கிறது. டிரபால்கர் காலத்து ஓவியங்களில் அவ்வாறு இல்லை. இங்கே யார் சொல்வது சரி? மேலும், எலும்பால் செய்யப்பட்ட சில மாதிரிகளையும் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் கண்டேன். அவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

கலங்கரை (மறுமொழி):

'விக்டரி'யைப் பொறுத்தவரை இரண்டுமே சரி. 1800 முதல் 1803 வரை சாத்தம் கப்பல்தளத்தில் அந்தக் கப்பல் பெருமளவு புதுப்பிக்கப்பட்டது. அப்போது பின்புறத்தின் திறந்த மாடங்கள் மூடப்பட்டன. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், இருந்த பெரிய சிற்பத் தொகுதிக்குப் பதிலாக எளிய சிற்பம் வைக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீரில் இருந்த மரக்கப்பலில் தொடக்ககால மரம் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மாதிரியும் ஓவியமும் முரண்படும் இடங்களில், இரண்டுக்கும் நடுவே கப்பல் எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது என்பதை முதலில் தேடுவது நல்லது. முரண்பாடுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் மறுமொழியில் விடுபட்ட ஒன்றையும் சேர்க்கிறேன். மாதிரியின் உடல் பழையது என்பதால் அதன்மேல் உள்ள கயிறும் பாய்மரமும் பழையவை என்று கொள்ளக் கூடாது. கடற்படை வாரிய மாதிரிகள் பலவற்றுக்குப் பாய்மரம் தொடக்கத்திலிருந்தே இல்லை. இருந்தவற்றிலும் நூலும் சணலும் இற்றுப்போய், பிற்காலத்தவர் தம் கால அறிவைக் கொண்டு புதிதாகக் கட்டியவை ஏராளம். கயிறமைப்பைப் பற்றி எழுதுவதானால், அது எப்போது கட்டப்பட்டது என்பதை அருங்காட்சியகத்தின் விவரக் குறிப்பில் சரிபார்த்த பின்னரே எழுதுங்கள். பீரங்கிகளுக்கும் இது பொருந்தும். ஓக் மரப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட மாதிரிகளில், மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயப் பீரங்கிகளை அரித்து வெண்பொடியாக்கிவிடும். அப்படி அழிந்தவற்றுக்கு மாற்றாக வார்த்து வைத்தவையும் உண்டு. பாதுகாப்பதற்காக அடைத்த பெட்டியே மாதிரியைத் தின்கிறது என்பது இத்துறையில் உள்ள பெரிய சங்கடம்.

எலும்பு மாதிரிகள் முற்றிலும் வேறு உலகம். பிரான்சோடு 1793 முதல் 1815 வரை நடந்த போர்களில் பிடிபட்டு இங்கிலாந்தில் அடைக்கப்பட்ட கைதிகள் செய்தவை அவை. பீட்டர்பரோ நகருக்கு அருகில் 1797இல் திறக்கப்பட்ட நார்மன் கிராஸ் முகாமின் கைதிகள் இதில் பெயர் பெற்றவர்கள். உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்பைக் கொதிக்க வைத்து, வெளுத்து, சிறு பலகைகளாக அறுத்து, மரத்தாலான உடலின்மேல் ஆணி அடித்துப் பொருத்தினார்கள். சில மாதிரிகளில், அடியில் உள்ள நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். முகாமின் சந்தையில் உள்ளூர்க்காரர்களுக்கு விற்றுப் பணம் ஈட்டுவதே நோக்கம் என்பதால், வாங்குபவர் வியக்கும்படி செய்தார்களே தவிர அளவுகோலைப் பார்க்கவில்லை. கையில் வரைபடமும் இல்லை, நினைவிலிருந்தே செய்தார்கள். பாய்மரங்கள் உடலின் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும். பிரெஞ்சுக் கைதி செய்த கப்பலில் ஆங்கிலப் பெயர் இருந்தால், விற்பனையை எண்ணிச் சூட்டிய பெயராகவோ பின்னாளில் வணிகர்கள் வைத்த பெயராகவோ இருக்கலாம். கப்பல் கட்டுமானத்துக்கு அவை சான்றல்ல. ஆனால் கைதிகளின் வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி எழுத எண்ணம் இருந்தால், அவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது.

மரக்கலத்தச்சன்:

கலங்கரை கயிறமைப்பைப் பற்றி எழுதியது மிகத் தேவையான திருத்தம். மாதிரிக்கும் ஓவியத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு தொகுப்பையும் நெய்தல்வாசன் பார்க்க வேண்டும். நான் முன்பு குறிப்பிட்ட சாண்ட்விச் பிரபுவின் முயற்சியாலேயே, 1770களில் ஜோசப் மார்ஷல் என்ற ஓவியர், கடலில் மிதக்கும் கப்பல்களுக்குப் பதிலாகக் கப்பல் மாதிரிகளையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அணியத்திலிருந்து ஒரு பார்வை, பின்புறத்திலிருந்து ஒரு பார்வை என்று, அலையும் புகையும் இல்லாமல் மாதிரியை மட்டும் அளவு பிசகாமல் காட்டும் அந்த ஓவியங்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அளிக்கப்பட்டன; இப்போது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. மாதிரி ஒன்றின் கயிறோ சிற்பமோ பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை ஆராய, அந்த மாதிரியையே வரைந்த பழைய ஓவியத்தைவிட எது உதவும்?

நெதர்லாந்தோடு ஒப்பிட எண்ணினால் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 'வில்லியம் ரெக்ஸ்' மாதிரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1698இல் விலிசிங்கன் கப்பல்தளத்தில் 1:12 என்ற மிகப் பெரிய அளவில் செய்யப்பட்டு, ஜீலாந்துக் கடற்படை மன்றத்தின் கூட்ட அறையில் வைக்கப்பட்டிருந்தது அது. ஆங்கில மாதிரிகளைப் போல வங்குகளைத் திறந்து காட்டாமல், முழுவதும் பலகை அடைத்து, பாய்மரம் கயிறு அனைத்தோடும் நிற்கிறது.

இறுதியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. கிரீன்விச் காட்சிக்கூடங்களில் தாங்கள் பார்த்தது தொகுப்பின் சிறு பகுதியே. மாதிரிகளின் பெரும்பகுதி கெண்ட் மாவட்டத்தில், சாத்தம் பழைய கப்பல்தளத்தின் முதலாம் எண் கொல்லுப்பட்டறைக் கட்டடத்தில் சேமிக்கப்பட்டுள்ளது. அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு மாதிரிக்கும் அளவு விகிதமும் செய்யப்பட்ட காலமும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். கப்பல் நீரில் இறங்கிய ஆண்டு தலைப்பிலேயே வந்துவிடுவதால், அதையே மாதிரி செய்யப்பட்ட ஆண்டு என்று மயங்குவது எளிது. அந்த இரண்டு ஆண்டுகளையும் தங்கள் கட்டுரையில் ஒவ்வொரு படத்தின் கீழும் சேர்த்தே கொடுங்கள்.